மூன்று பாக்கெட் லேப்டாப்

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. பயத்தால் அல்ல. எழுதினால் குன்னூரில் பாதிப் பேர், "அவங்களையா சொல்றே? அவங்க தங்கமாச்சே" என்று என்னோடு மல்லுக்கு வருவார்கள். தங்கம்தான். நானும் ஐந்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற படிக்கட்டில், ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் அவருடைய பிரவுசிங் சென்டர் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிளாஸ்க். ரிசல்ட் பார்க்க, கரண்ட் பில் கட்ட, வேலைக்கு விண்ணப்பம் போட என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது லேப்டாப். ஊரில் யாருக்கு லேப்டாப் வாங்க வேண்டுமென்றாலும் முதலில் அந்தப் படியைத்தான் ஏறுவார்கள். அவர் விற்கிறவர் இல்லை. எந்தக் கடையிலும் கமிஷன் வாங்கியதில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் இத்தனை கோபத்தோடும் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். கோயம்புத்தூர் வரைக்கும் கூட வருவார். தன் டிக்கெட்டைத் தானே எடுப்பார். மத்தியானச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வருகிறவர்களிடம் அவர் முதலில் விலை பேச மாட்டார். "எங்க உக்காந்து வேலை செய்வீங்க?" என்று கேட்பார். அடுத்து, "எவ்வளவு தூரம் தூக்கிட்டு நடப்பீங்க?" கையில் எவ்வளவு இருக்கிறது என்பது மூன்றாவதுதான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஆளையே பார்ப்பார். அந்தப் பார்வையில் கணக்கு முடிந்துவிடும்.

அதற்கப்புறம் பாக்கெட் சோதனை. மேசைக்கடியில் ஒரு பழைய தோள்பையும் அரைக்கிலோ தேயிலைத்தூள் பாக்கெட்டுகள் ஐந்தாறும் எப்போதும் இருக்கும். நீங்கள் ஆசைப்படும் லேப்டாப் என்ன எடையோ அத்தனை பாக்கெட்டைப் பையில் போட்டு, உங்கள் தோளிலேயே மாட்டிவிட்டு, "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எறங்கி ஏறி வாங்க" என்பார். மலையூரில் எந்த வீட்டுக்கும் படி ஏறாமல் போக முடியாது. கடைக்காரன் மேசையில் வைத்துக் காட்டுகிற லேப்டாப் எல்லாம் இலேசாகத்தான் இருக்கும், படியில்தான் அதன் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. அதனால் எங்களுக்குள் மாடல் பெயரே கிடையாது. மூணு பாக்கெட் லேப்டாப், நாலு பாக்கெட் லேப்டாப், அவ்வளவுதான்.

வர்க்கி பிஸ்கட் போடும் ஒரு பேக்கரிக்காரர் ஒருமுறை வந்தார். மகன் ஊட்டிக் காலேஜில் பி.காம். கீபோர்டில் சிவப்பு விளக்கெல்லாம் எரியும் ஒன்றை மகன் கேட்கிறானாம், வாங்கித் தந்தே ஆக வேண்டுமாம். அக்கா மகனைக் கூப்பிடவில்லை. ஐந்து பாக்கெட்டைப் போட்டு அப்பாவின் தோளிலேயே மாட்டினார். மனிதர் இறங்கிவிட்டார். ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா மேலே நின்றபடியே, "ஏனுங்க, ஒரு தடவைக்கே இப்பிடீன்னா தெனமும் பஸ்ல நின்னுட்டுப் போற பையன் என்ன பண்ணுவானுங்க? கணக்குப் போடறதுக்கு மூணு பாக்கெட் போதுமுங்க" என்றார். பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் சென்டருக்கு வர்க்கி வரும். அதில் பாதியைத் தின்றது நான்.

மலிவாகத்தான் வாங்கச் சொல்வார் என்று நினைக்காதீர்கள். மசினகுடியிலிருந்து வந்த ஜீப் டிரைவர் ஒருவர், டூரிஸ்டுகள் எடுக்கிற யானைப் படங்களை ஏற்றிவைக்க இருப்பதிலேயே விலை குறைந்ததாகக் கேட்டார். அவரைத் திட்டி, கையிருப்புக்கு மேலே கொஞ்சம் போடச் சொல்லி, உடம்பு கெட்டியான ஒன்றை வாங்க வைத்தார். "ஜீப்புல குலுங்கற பொருளுக்கு வெலை பாக்காதீங்க." வாங்கிய எல்லோருக்கும் கடைசியாக ஒரு புத்தி சொல்லி அனுப்புவார். பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பு எரியவிட்டு அதில் லேப்டாப்பை வைக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஊர் ஈரத்துக்கு ஆறே மாதத்தில் உள்ளே பூசணம் பிடிக்கும். பட்டுப்புடவைக்குச் செய்வதை இதற்கும் செய்யச் சொல்கிறாரே என்று சிரித்தவர்கள் பிறகு ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

'போதும்' என்பது அவர் சொல். சோறு பரிமாறினாலும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்க மாட்டார், நமக்கு எவ்வளவு போதும் என்று அவருக்கே தெரியும். சரியாகவும் இருக்கும், அதுதான் அதிசயம். நான் மழையில் நனைந்து போய் நின்றால் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "எனக்கு சால்வை போதும்" என்பார். தனக்கும் அதே அளவுகோல்தான் வைத்திருக்கிறார் என்று நான் நம்பினேன்.

ஒரு நாள் கான்வென்டில் ஆயா வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்தார். மகள் டீச்சர் டிரெயினிங் சேரப் போகிறாள், நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கெதுக்குங்க புதுசு? செகண்ட் ஹேண்டே போதுமுங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. புதுசு வாங்கத்தான் பணம் சேர்த்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி என் கதை. நான் லைன் வீட்டுப் பெண், எஸ்டேட் தன் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறவள். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, குன்னூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். மத்தியானத்தில் அக்காவின் சென்டரில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் வரைந்து பழகுவேன். அதற்கு அவர் என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை.

அம்மா ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. ரிட்டயர் ஆனால் வீட்டை விட வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் எஸ்டேட்டில் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும். குடும்பத்தில் இருப்பது நான் ஒருத்திதான். கான்ட்ராக்டர் தரும் சம்பளம் வாடகைக்குக் காணாது. அதற்குள் கீழே சமவெளியில் எங்காவது நல்ல வேலை கிடைத்து அம்மாவை வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் நான் தப்பினேன். இல்லாவிட்டால் அம்மா இறக்கி வைக்கிற கொழுந்துப் பையை நான் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லி அழுததில்லை. அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன அலுவலகம். கட்டப் போகிற வீடு முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரியே படம் செய்து கொடுப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒருவரை எடுப்பார்கள். லேப்டாப் நம்முடையது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல், அடியில் விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரி. அக்காவின் சென்டரிலேயே பிரிண்ட் எடுத்தேன். பட்டியலைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: 'எடை? அக்காவைக் கேட்க வேண்டும்.'

அக்கா தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டும் அம்மிணி, நான் பாத்து வெக்கறேன்" என்று மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கும் பாக்கெட் சோதனை நடந்தது. பட்டியலில் கேட்ட மாதிரி லேப்டாப் ஐந்து பாக்கெட். மாட்டிக்கொண்டு இறங்கி ஏறினேன். எனக்குக் கனமாகவே தெரியவில்லை. காலையில் சாப்பிடாததால் மூச்சு மட்டும் லேசாக வாங்கியது.

"பாத்தியா, மூச்சு வாங்குது" என்றார். "வாரம் ரெண்டு நாளு மேட்டுப்பாளையம் பஸ்ஸுல நின்னுட்டுப் போகணும். தோள்பட்டை போயிரும் சாமி."

அவர் சொன்ன பிறகு எனக்கும் தோள் வலிப்பது போலத்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டரைக் கிலோவா?" என்று கேட்டாள். "நான் இருபது கிலோ கொழுந்த முதுகுல போட்டுக்கிட்டு மேடேறுனவ. எம் மக ரெண்டரைக் கிலோ தூக்க மாட்டாளாக்கும்? என்னடி பேச்சு இது?"

"உனக்கு ஒன்னும் தெரியாதும்மா, சும்மா இரு" என்றேன். படித்த மகளின் திமிர்.

சனிக்கிழமை கோயம்புத்தூர் போனோம். கடையில் ஐந்து பாக்கெட் லேப்டாப்பும் மூன்று பாக்கெட் லேப்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியது என் கையிருப்பில் முக்கால்வாசிக்கும் மேலே தின்றுவிடும், ஆனால் வாங்க முடியும். அதன் திரையில் ஒரு வீட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான் கடைப் பையன். என் கை அதை விட்டு வரவில்லை.

"அக்கா, தனியா கிராபிக்ஸ் கார்டு வேணும்னு அந்தத் தாள்ல போட்டிருந்தாங்களே?" என்று கேட்டேன்.

"வேலைக்கு எடுக்கறவங்க எல்லாத்தையும் பெருசாத்தான் கேப்பாங்க அம்மிணி. நாலு படம் வரையறதுக்கு இது போதும். நல்ல கம்பெனி, பேட்டரி நிக்கும், கனமில்லை, வெலையும் பாதிதான். மிச்சத்தை பேங்க்ல போட்டு வை. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு தருவா?"

விலை, எடை, தரம் மூன்றையும் எனக்காக இப்படிச் சீர்தூக்கிச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்? மூன்று பாக்கெட்டையே வாங்கினேன். திரும்பி வரும்போது பர்லியாரில் பஸ் நின்றது. அக்காவுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே அதிர்ஷ்டக்காரி நான்தான் என்று நினைத்தேன். முட்டாள்.

விண்ணப்பம் அனுப்பினேன், மூன்று வாரச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். போன முதல் நாள், என்னோடு சோதனைக்கு வந்திருந்த இன்னொருவரைப் பார்த்தேன். அக்காவின் தம்பி. எனக்கு முந்தின செட்டில் அதே டிப்ளமோ படித்தவர், மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களும் இங்கதானா? அக்கா சொல்லவே இல்லையே" என்றார். அவர் முகத்தில் கள்ளமில்லை. அக்கா என்னிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மனம் என்ன செய்தது தெரியுமா? அக்கா மறந்திருப்பார் என்றது. தெரிந்த முகம் ஒன்று இருப்பது நல்லதுதானே என்றும் சொன்னது.

முதல் வாரம் வெறும் கோட்டுப் படங்கள். என் வேலையைத்தான் மேனேஜர் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். இரண்டாம் வாரம் அந்தப் போட்டோ மாதிரிப் படங்கள் ஆரம்பித்தன. நாம் வரைந்து முடித்ததும், வெயில், நிழல், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுப் படத்தை லேப்டாப்தான் உருவாக்க வேண்டும். அக்காவின் தம்பிக்குக் கால்மணி நேரத்தில் வந்தது. என்னுடையது காலையில் ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முக்கால் வீட்டோடு நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. அடிப்பக்கம் தொட முடியாத சூடு.

மேனேஜர் நல்ல மனிதர்தான். "வேலை சுத்தமா இருக்கறது உங்களுதுதானுங்க. ஆனா வீடு கட்டறவங்க காத்துட்டு இருக்க மாட்டாங்க. லேப்டாப்பை மாத்த முடியுங்களா?" என்று கேட்டார்.

கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். மிச்சப் பணத்தில் இன்னொன்று வாங்க முடியாது. அக்காவின் தம்பியிடமே போய், "அண்ணா, உங்களுது என்ன மாடல்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும்? அக்காதான் எடுத்துக் குடுத்துச்சு. இந்தத் தாளைக் காட்டி, இதுல இருக்கறது அத்தனையும் வேணும்னு கடைக்காரங்கிட்ட சண்டையே போட்டுச்சு" என்று லேப்டாப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார்.

அதே பட்டியல், அடியில் அதே முகவரி. ஓரத்தில் என் கையெழுத்தும் அப்படியே விழுந்திருந்தது. 'எடை? அக்காவைக் கேட்க வேண்டும்.'

"உங்களைப் பாக்கெட் தூக்கிட்டுப் படி ஏறச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எந்தப் பாக்கெட்டுங்க?" என்றார்.

மூன்றாம் வாரம் முடிந்ததும் அவரை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "போய் நேராக் கேட்டுட்டு வா. கேக்காம வந்தீன்னா காலம் பூரா அரிச்சுக்கிட்டே கெடக்கும்" என்றாள்.

போனேன். படியேறும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே ஏறினேன். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறவில்லை. "வா அம்மிணி, உக்காரு" என்று பிளாஸ்கைத் திறந்தார். நான் ஜெராக்ஸை மேசைமேல் வைத்தேன். பார்த்தார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை.

"அவனுக்கும் ஒரு வேலை வேணும்ல" என்றார்.

"தம்பிக்குச் செய்யுங்க, நான் வேண்டாங்கலை. ஆனா எனக்கு ஏனுங்க அந்த லேப்டாப்பை வாங்க வெச்சீங்க? அதுல அந்த வேலை நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத கண்ணு" என்று டீயை என் பக்கம் நகர்த்தினார். "அவன் எப்பிடியும் வெளிய போறவன். நீ எப்பிடியும் இங்க இருக்கறவ. உங்க அம்மா ரிட்டயர் ஆனா யாரு பேர் பதிவா? நீதான் பதியணும். வீட்டை விட்டுட்டு ரெண்டு பொம்பளைங்க எங்க போவீங்க? மூணு வாரத்துல முடியற வேலைக்கு, இருக்கற பணத்தை எல்லாம் ஏன் கொண்டுபோய்க் கொட்டணும்னுதான் அந்த சின்னதை வாங்க வெச்சேன். லெட்டர் அடிக்க, படம் பாக்க, அது பத்து வருசம் ஓடும். உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உடைத்தது. தம்பிக்காக என்னை ஏமாற்றிவிட்டேன், தப்புதான் என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வருடம் கழித்து மன்னித்தும் இருப்பேன். தம்பிக்கு ஒரு பிடி அதிகமாகப் போடாத அக்கா ஊரில் உண்டா? ஆனால் இவர் என்னைப் பார்த்துத் தராசில் நிறுத்து முடித்துவிட்டார். லைன் வீட்டுப் பெண், இவள் எங்கே போகப் போகிறாள் என்று முடிவு செய்த பிறகுதான் என்னோடு பஸ் ஏறியிருக்கிறார். வீட்டை விட வேண்டியிருக்கும் என்ற என் பயத்தை நம்பி அவரிடம் சொன்னேன். அதைக் கொண்டே என்னை எடை போட்டிருக்கிறார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவ்வளவு கோபத்திலும் 'அவள்' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை, பாருங்கள்.

அதற்குப் பிறகும் நான்கைந்து இடத்துக்கு விண்ணப்பித்தேன். எல்லோரும் கேட்டது அதே பட்டியலைத்தான். அந்த விலைக்கு மறுபடி பணம் சேரவில்லை. வருடம் ஓடிவிட்டது. அம்மா ரிட்டயர் ஆன வாரம் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் பதிவேட்டில் என் பெயர், வயது, அப்பா பெயர், லைன் நம்பர் எல்லாம் எழுதினார். டிப்ளமோ படித்திருக்கிறேன் என்று சொன்னேன். அதை எழுத இதில் இடமில்லையே என்றார்.

அன்று சாயந்திரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பேர் பதிஞ்சாச்சாமே அம்மிணி. வீடு நின்னுச்சுல்ல? எனக்கு இப்பத்தான் மனசு நெறஞ்சுது" என்றார்.

உண்மையாகவே சந்தோஷப்பட்டார். போனைக் காதிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா போனை அணைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.